செராய்த் தீவில் யாரும் சாகவில்லை

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்.
10 அக்டோபர் 1962, புதன்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி பாலகிருஷ்ணன் அவர்களுக்கு, தில்லைநாயகம் கைகூப்பி எழுதுவது.

"வாத்தியாரே, இங்க யாரு செத்துப் போனா?"

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பெண்மணி என்னிடம் கேட்ட கேள்வி இது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்ட எல்லாக் கேள்விக்கும், பதில் தெரியாதவற்றுக்குக்கூட, ஏதாவது ஓர் உதாரணம் சொல்லிச் சமாளித்தவன் நான். இதற்கு மட்டும் எந்த உதாரணமும் கைகொடுக்கவில்லை. தங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தக் கேள்விதான் மறுபடியும் காதில் கேட்டது. அதனால் முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி பூவம்மா, "பொண்ணு குடுத்த வீட்டுக்கு எழுதற லெட்டரா இது? சாவுல ஆரம்பிக்கிறீங்க! மொதல்ல சுகம் விசாரிங்க" என்று அதட்டிவிட்டாள்.

ஆகவே சுகம் விசாரிக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். பூவம்மாவின் முழங்கால் வலி மழைக்கு மட்டும் வந்து போகிறது. தாங்கள் மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்பிய ஜாதிக்காய் ஊறுகாய் பத்திரமாக வந்து சேர்ந்து, பத்திரமாகத் தீர்ந்தும் போயிற்று. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் எங்கள் சரஸ்வதியும் பேரப்பிள்ளைகளும் நலம் என்பதற்குத் தங்கள் கையெழுத்தின் அழுத்தமே சாட்சி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் பினாங்குச் சங்கத்தார் நாற்பது பேர் தீபாவளி கழித்துச் சிங்கப்பூர் வரும்போது செராய்த் தீவுக்கு ஒருநாள் உல்லாசமாகப் போய்வர இருந்ததையும், அங்கே புயல் அடித்த செய்தி கேட்டு அதை ரத்து செய்யப் போவதையும், அதற்குப் பதிலாக நாற்பது கம்பளி வாங்கி அனுப்ப இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். "கஷ்டப்படுகிற இடத்துக்கு நாம் கும்மாளம் போடப் போவது முறையா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வரியில் பதில் சொல்வதானால்: அவசியம் வாருங்கள், கம்பளி வேண்டாம். ஆனால் ஒரு வரியில் பதில் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்பது தாங்கள் அறிந்ததே.

செராய்த் தீவு, சிங்கப்பூருக்குத் தெற்கே, கிளிஃபர்ட் படித்துறையிலிருந்து மோட்டார் படகில் முக்கால் மணி நேரம். அறுபது வீடுள்ள மலாய்க் கம்போங். வீடெல்லாம் கடலோரத்தில் மரக்கால்மேல் நிற்கும். கூரைக்கு அத்தாப்பு ஓலை. ஆறு நாள் மீன் பிடிப்பார்கள்; ஞாயிற்றுக்கிழமை, குளிக்கவும் சாப்பிடவும் நகரத்திலிருந்து வரும் நம்மைப் போன்றவர்களைப் பிடிப்பார்கள். படகுத்துறையின் முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் ஹலீமா. நாகூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம், ஆனால் பிறந்ததே அந்தத் தீவில்தான். ஞாயிற்றுக்கிழமைப் படகை ஓட்டுகிறவர் அவருடைய அண்ணன் ஒலி முகம்மது. இந்த இரண்டு பேரைத் தெரிந்துகொண்டால் போதும், தீவையே தெரிந்துகொண்ட மாதிரிதான்.

ஜூன் மாதம் ஒருநாள் விடியற்காலை, சுமத்ராப் பக்கத்திலிருந்து வரும் காற்றும் பெரிய கடல் ஏற்றமும் ஒன்றாக வந்துவிட்டன. இருபத்து மூன்று கூரைகள் பறந்தன. படகுத்துறையில் பாதி கடலுக்குள் போயிற்று. ஹலீமாவின் கடை, கவிழ்த்துப்போட்ட மேஜை மாதிரி நாலு காலையும் தூக்கிக்கொண்டு கிடந்தது. கிணற்றில் உப்புத் தண்ணீர் ஏறியது. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஊர்த் தலைவரான பெங்குலு வீட்டுச் சேவல் ஒன்று மட்டும் காணாமல் போய், மூன்றாம் நாள் ஒரு சரக்குப் படகின்மேல் நின்று கூவிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார்கள். ஆக, சேவலும் சாகவில்லை. ஒரு பத்திரிகைதான் "தீவு அழிந்தது" என்று கொட்டை எழுத்தில் போட்டது. அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் மனுஷன் சும்மா இருப்பானா? என் பழைய மாணவர்களைக் கூட்டினேன். எல்லாரும் நாற்பது வயதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள், ஆனாலும் நான் கைதட்டினால் இன்னும் எழுந்து நிற்பார்கள்.

சிராங்கூன் ரோட்டிலும் பஃபலோ ரோட்டிலும் வீடு வீடாக ஏறி இறங்கி உதவி கேட்டோம். நம் ஜனங்கள் கை தாராளமானவர்கள்; கொடுக்கும்போது எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்க மாட்டார்கள். பதினொரு டை வந்தது. 1957ஆம் வருடத்துக் காலண்டர் ஒரு கட்டு வந்தது. நாலு கட்டை இல்லாத ஓர் ஆர்மோனியம் வந்தது. சப்பாத்து மூன்று வந்தது, மூன்றும் இடது கால். ஊருக்குத் திரும்பும் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டிலிருந்து அறுபது கம்பளி வந்தது. ஸ்காட்லாந்துக் குளிருக்காக நெய்தது, ஒவ்வொன்றும் ஒரு செம்மறியாட்டுக் கனம். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வின்ச் ஓட்டுகிற பெர்னார்ட், என் மாணவர்களிலேயே வாய்த்துடுக்கு அதிகமானவன், அந்தக் கம்பளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், அந்தத் தீவு வெயில்ல மீனே காஞ்சு கருவாடாவுது. இதைப் போத்துனா மனுசனும் கருவாடுதான் சார்" என்றான். "கொடுத்ததைக் குறை சொல்லாதே" என்று அவனை அடக்கினேன். சம்பந்தி, தாங்கள் கம்பளி என்று எழுதியிருந்த வரியைப் படித்தபோது எனக்குப் பெர்னார்டின் முகம்தான் தெரிந்தது. தப்பாக நினைக்க வேண்டாம்.

முப்பத்திரண்டு பேர் வருகிறோம் என்று ஒலி முகம்மதுவிடம் சொல்லியனுப்பிவிட்டு, ஜூலை பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் படித்துறையில் வரிசையாக நிறுத்திப் பாடம் நடத்தினேன். "ஓர் உதாரணம் சொல்கிறேன். துக்க வீட்டுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரிப்போமா? மாட்டோம். கை நனைப்போமா? மாட்டோம். கிளம்பும்போது 'போயிட்டு வர்றேன்' என்று சொல்வோமா? சொல்லவே மாட்டோம். அதே மாதிரிதான் இங்கேயும். அவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது." எல்லாருக்கும் பாடம் நன்றாகப் புரிந்துவிட்டது. எல்லாரும் வெள்ளையில் வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் வீட்டில் கட்டிய புளிச்சோற்றுப் பொட்டலம் இருந்தது. படகு போகும் வழியெல்லாம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் போன கப்பல் மாலுமி ஒருவன் எங்களைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினான்.

தீவில் இறங்கினால், பாதிப் படகுத்துறையின் முனையில் ஹலீமா நிற்கிறார். புதுக் கைலி, இஸ்திரி போட்ட கெபாயாச் சட்டை, கொண்டையில் பூ. நிமிர்த்தி வைத்த கடையில் நாற்பது பொட்டலம் நாசி லெமாக் சோறு வாழையிலையில் மணக்கிறது, சம்பல் மீன் பளபளக்கிறது, இளநீர் சீவி வரிசையாக வைத்திருக்கிறது. "வாங்க வாங்க! புயலுக்கப்புறம் வர்ற மொத கூட்டம் நீங்கதான். உக்காருங்க, கோப்பியா இளநீயா?" என்றார். நான் முகத்தை நீட்டிக்கொண்டு, "வேண்டாம்மா. நீங்களே கஷ்டத்துல இருக்கீங்க" என்றேன். எனக்குப் பின்னால் வரிசையில் வந்த முப்பத்தொரு பேரும் ஒருவர் பின் ஒருவராக "வேண்டாம்மா", "வேண்டாம்மா" என்று சொல்லிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனோம். ஓலை முடைந்துகொண்டிருந்தவர்களின் மடியில் டையையும் காலண்டரையும் வைத்தோம். கம்பளிகளை அடுக்கினோம். பசி வந்தது. அவர்கள் முன்னால் சாப்பிட்டால் மனம் புண்படுமே என்று, முப்பத்திரண்டு பேரும் ஆளுக்கொரு தென்னைமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு புளிச்சோறு சாப்பிட்டோம். தென்னைமரம் எவ்வளவு அகலம் இருக்கும் என்பது தங்களுக்கே தெரியும். கம்போங்குப் பிள்ளைகளெல்லாம் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியாக, இடிந்த படகுத்துறையைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். ஒன்றரை நிமிடத்தில் அந்தச் சேவல் கூவியது.

அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் படகை நோக்கி நடந்தோம். பெர்னார்ட் பழக்கதோஷத்தில் "போயிட்டு..." என்று ஆரம்பித்தான், நான் அவன் வாயைப் பொத்தினேன். அப்போதுதான் பின்னால் ஓடிவந்த ஹலீமா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"வாத்தியாரே, இங்க யாரு செத்துப் போனா?"

"யாரும் சாகலையேம்மா."

"பின்ன ஏன் வாயில பச்சத் தண்ணி படாமப் போறீங்க? போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லாமப் போறீங்க? புயல்ல நனையாம மிஞ்சுனது ஒரே ஒரு மூட்ட அரிசி. அத ஒடச்சு ஒலையில போட்டேன், ஆளு வருதுன்னு. புயலு எங்கள ஒண்ணும் பண்ணல வாத்தியாரே. நீங்கதான் எங்கள அடக்கம் பண்ணிட்டுப் போறீங்க லா."

திரும்பும் வழியிலும் படகில் ஒருவரும் பேசவில்லை. இந்தத் தடவை யாரும் சொல்லிக்கொடுக்காமலே பேசவில்லை. வீட்டு வாசலுக்கு வந்தால், பூவம்மா ஒரு வாளித் தண்ணீரோடு நிற்கிறாள். "உள்ள வராதீங்க, அங்கேயே தலைக்கு ஊத்திக்குங்க" என்றாள். "அடியே, அது சாவு வீடு இல்லைடி!" என்றேன். "உங்க மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலையே" என்று சொல்லி வாளியைக் கவிழ்த்தாள். சட்டையோடு நனைந்து நின்றபோதுதான், முப்பத்திரண்டு பேருக்கும் நான் தப்பான பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

மறுநாள் படித்துறைக்குப் போய் ஒலி முகம்மதுவைப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் படகைக் கழுவிக்கொண்டே வேறு விஷயம் சொன்னார். "தவுக்கே சொல்லிட்டாரு வாத்தியாரே." தவுக்கே என்பது படகுக்குச் சொந்தக்காரரான சீன முதலாளி. "ஆகஸ்டு கடைசி ஞாயிறு வரைக்கும் பாப்பாராம். ஞாயித்துக்கெழமை படகுல இருவது தலையாவது ஏறலேன்னா, கப்பல் மாலுமிங்கள ஏத்தி எறக்க அனுப்பிருவாராம். இந்தப் படகு இல்லேன்னா மீனு எப்படிப் பசாருக்குப் போவும்? புள்ளைங்க எப்படி இஸ்கூலுக்குப் போவும்? ஒவ்வொரு வீடாக் கரைக்கு வந்துரும், தீவு தானாக் காலியாயிரும். ஹலீமாவுக்கு கம்போங் கிளாம்ல எங்க சாச்சி வீட்டுல ஒரு ரூம்பு இருக்கு. அடுத்தவங்க அடுப்படி. அதுல அவ ஒரு மாசம் தாங்க மாட்டா."

"பலகை வேணுமா? ஆணி வேணுமா? சொல்லுங்க, வசூல் பண்றேன்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "பலக அடிக்க எங்களுக்குத் தெரியும் வாத்தியாரே. எங்க பாட்டன் காலத்துலேருந்து அதத்தான் பண்றோம். எங்க கடையில நாங்களே வந்து ஒக்காந்து சாப்புடத்தான் முடியாது. அத நீங்க பண்ணுங்க."

சம்பந்தி, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு நீளமான கடிதம். தங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

ஆகஸ்டு ஐந்தாம் தேதி மறுபடியும் வகுப்பைக் கூட்டினேன். "போன தடவை சொன்ன உதாரணத்தை அழித்துவிடுங்கள். இன்றைக்குப் புது உதாரணம். சம்பந்தி வீட்டுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வீட்டில் ஒன்றும் சாப்பிடாமல் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போவோம். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவோம். பிடித்ததைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்வோம். மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவோம்." தங்கள் வீட்டுக்கு நாங்கள் முதல்முறை வந்தபோது நான் பதினொரு ஆப்பம் சாப்பிட்டதை உதாரணத்துக்குள் உதாரணமாகச் சொன்னேன். "மாப்ள முறுக்கும் பண்ணலாமா சார்?" என்றான் பெர்னார்ட். "அளவோடு" என்றேன். பூவம்மாவும் வந்தாள். வெளியில் பச்சைத் தண்ணீர் குடிக்காத பூவம்மா, "என் புருசன் அந்தப் பொம்பளைக்கு ஒரு மூட்ட அரிசிய வீணாக்கிட்டாரு, நான் வராம எப்படி?" என்று கிளம்பிவிட்டாள். மொத்தம் முப்பத்தொன்பது பேர், ஒருவர் கையிலும் ஒரு பொட்டலம் கிடையாது, ஒருவர் வயிற்றிலும் ஒரு பருக்கை கிடையாது. அன்றைக்கென்று கடலும் ஆடியது. துறைமுகத்திலேயே வாழ்கிற பெர்னார்ட், வெறும் வயிற்றோடு படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தனக்குத் தெரிந்த புனிதர்கள் எல்லாரையும் கூப்பிட்டான்.

தீவில் போய் இறங்கினால், கடையில் அடுப்பே எரியவில்லை. ஹலீமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வெங்காயத் தோல் உரித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் ஒரே ஒரு வெங்காயம். ஒலி முகம்மது தங்கையிடம் எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறார். "அந்தச் சாவுக் கூட்டத்துக்கு நான் ஒல வைக்கணுமா? அவங்க புளிச்சோறு கொண்டாருவாங்க, மரத்துக்குப் பின்னால திங்கறதுக்கு" என்று சொல்லிவிட்டாராம். முக்கால் மணி நேரக் கடலுக்கு இந்தப் பக்கம், பசித்த முப்பத்தொன்பது பேர், சாப்பிட ஒன்றுமில்லாத ஒரு தீவில் நிற்கிறோம். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பூவம்மா என்னைக் கடைப்பக்கம் தள்ளினாள்.

"ஹலீமா, பசிக்குதும்மா" என்றேன்.

திரும்பவில்லை. "புளிச்சோறு எங்க?"

"கொண்டு வரலை."

"காலையில என்ன சாப்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலை. முப்பத்தொம்பது பேரும். ஒரு கோப்பிகூடக் குடிக்கலை."

அப்போது திரும்பினார். வரிசையாக எங்களைப் பார்த்தார். பச்சை முகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்த பெர்னார்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நெசமாவா?" என்றார். "அம்மா, செத்துருவேன் போலிருக்கும்மா" என்றான் பெர்னார்ட். "என் கடை வாசல்ல சாவாத லா!" என்று சொல்லி ஹலீமா சிரித்தார் பாருங்கள், மிச்சமிருந்த பாதிப் படகுத்துறையும் ஆடியது. அடுத்த நிமிடம் கடையை விட்டு இறங்கி, கம்போங்கு நடுவில் நின்று மலாயில் ஒரு சத்தம் போட்டார். என்ன சொன்னார் என்று ஒலி முகம்மதுவைக் கேட்டேன். "ஆளு வந்திருக்கு, பசியோட வந்திருக்கு, அடுப்பப் பத்த வைங்கன்னு சொல்றா."

அப்புறம் நடந்ததை எழுத எனக்கு இந்தப் பேனா போதாது. அறுபது வீட்டிலும் புகை எழும்பியது. ஒரு வீட்டிலிருந்து ஒரு டின் அரிசி, இன்னொரு வீட்டிலிருந்து தேங்காய், வலையிலிருந்து நேராக மீன். பெங்குலு வீட்டு அம்மாள், பேரன் பிறந்ததுக்குச் செய்து வைத்திருந்த ரெண்டாங் கறியைச் சட்டியோடு தூக்கி வந்துவிட்டார். சமைத்து முடிய இரண்டு மணி நேரம். அதுவரைக்கும் எங்களை உட்காரவைக்க மரத்தடியில் பாய் விரித்தார்கள். பாயா? நாங்கள் கொடுத்த அறுபது கம்பளி! போர்த்துவதற்கு உதவாத கம்பளி, மணலில் விரிக்க என்ன சுகம் தெரியுமா சம்பந்தி! டைகளும் வீணாகவில்லை, பிடித்த நண்டுகளின் காலையெல்லாம் அதில்தான் கட்டியிருந்தார்கள். ஒரு சிவப்பு டை மட்டும் ஒலி முகம்மதுவின் கழுத்தில் இருந்தது, கைலிக்கு மேலே. நாலு கட்டை இல்லாத ஆர்மோனியத்தை, அந்த நாலு சுரமும் வராத பாட்டாகப் பார்த்துப் பிள்ளைகள் வாசித்தார்கள். சும்மா உட்கார மனம் வராமல் நான் தேங்காய் துருவப் போனேன். அரைமூடி துருவுவதற்குள் என் விரலையும் சேர்த்துத் துருவிவிட்டேன். "வாத்தியாரே, ஒங்க வேல பசிக்கறது. அத மட்டும் பாருங்க" என்று ஹலீமா அரிவாள்மணையைப் பிடுங்கிக்கொண்டார்.

இலை போட்டார்கள். சாப்பிட்டோம் என்று எழுதினால் போதாது. பெர்னார்ட் ஐந்து பொட்டலத்தோடு எண்ணுவதை நிறுத்தினான். பூவம்மா சம்பல் மீனை மோந்து பார்த்தாள், ஓரத்தில் கிள்ளிப் பார்த்தாள், அப்புறம் தலை நிமிரவே இல்லை. எல்லாம் முடிந்து, விலையும் கொடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு அவள் பெங்குலு வீட்டம்மாளின் கருவாட்டுக் கூடைப் பக்கம் போனதும் நான் பயந்தேன். நான் பயந்தது நடந்தது. "மாஹால்! மாஹால்!" என்று தேக்கா மார்க்கெட்டில் போடுகிற அதே சத்தம். புயலில் அடிபட்டவர்களிடம் போய் விலை அதிகம் என்று பேரம் பேசுகிறாளே என்று வெட்கமாகி, நிறுத்தச் சொல்ல எழுந்தேன். ஹலீமா என் முன்னால் கையை நீட்டித் தடுத்தார். கண்ணெல்லாம் தண்ணீர், வெங்காயத்தால் இல்லை, அந்த வெங்காயத்தை எப்போதோ உரித்தாகிவிட்டது.

"விடுங்க வாத்தியாரே. புயலுக்கப்புறம் கவர்மெண்டு வந்துச்சு, சங்கம் வந்துச்சு, எல்லாம் நல்லவங்கதான். எல்லாரும் சும்மா குடுத்துட்டுப் போனாங்க. எங்ககிட்ட பேரம் பேசுன மொத ஆளு ஒங்க வீட்டம்மாதான். செத்தவங்ககிட்ட யாரும் பேரம் பேச மாட்டாங்க லா."

சாயங்காலம் படகில் ஏறும்போது நான் கைதட்டினேன். முப்பத்தொன்பது பேரும் ஒரே குரலில், ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது போல, "போயிட்டு வர்றோம்!" என்று கத்தினோம். வழக்கமாக இதற்கு "நல்லது, வாங்க" என்றுதானே பதில் வரும்? ஹலீமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எப்ப?" என்றார்.

எப்ப! ஆயிரம் வீட்டில் போயிட்டு வர்றேன் சொல்லியிருக்கிறேன் சம்பந்தி, ஒருவரும் இதுவரை எப்ப என்று கேட்டதில்லை. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கருவாட்டுப் பொட்டலத்தை இடுக்கியபடி பூவம்மாதான் சொன்னாள்: "அடுத்த ஞாயித்துக்கெழமை!"

சொன்னால் சொன்னதுதானே. அடுத்த ஞாயிறு இருபத்தேழு பேர் போனோம். ஆளுக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டி வரவேண்டும் என்பது வீட்டுப்பாடம். அதற்கடுத்த ஞாயிறு முப்பத்தாறு. 'தீவு அழிந்தது' என்று எழுதிய பத்திரிகைக்காரரையும் பெர்னார்ட் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நாலு பொட்டலம் சாப்பிட வைத்தான். 'தீவில் நண்டு மலிவு' என்று அவர் அதே கொட்டை எழுத்தில் போட்டார். கடைசி ஞாயிறு, ஆகஸ்டு இருபத்தாறு, தவுக்கேயே தலை எண்ணப் படித்துறைக்கு வந்துவிட்டார். ஒலி முகம்மதுவும் சுக்கானைப் பிடித்தபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். இருபது தலை கேட்டவர் முன்னால், நாற்பது பேர் ஏறும் படகில் நாற்பத்து மூன்று தலை. மூன்று பேரை இறக்கினார்கள். அதில் ஒருவர் தவுக்கே. "நான் முதலாளி!" என்று அவர் கத்த, "அடுத்த நடையில வாங்க லா, எடம் இல்ல" என்றான் பெர்னார்ட். அடுத்த நடையில் வந்து, மீன்தலைக் கறி சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே அவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. படகு இருக்கும் என்று சொல்லவில்லை. படகைக் காட்டி, "பத்தாது" என்றார். அன்றைக்கு ஹலீமா என்னிடம் கோப்பிக்குக் காசு வாங்க மறுத்தார். நான் விடவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன், சில்லறை பாக்கியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஆகவே சம்பந்தி, தங்கள் சங்கத்தார் நாற்பது பேரும் அவசியம் வரவேண்டும், ஏற்கெனவே நினைத்தபடி ஞாயிற்றுக்கிழமையே வரவேண்டும். படகில் நாற்பது இடத்துக்கு நான் பொறுப்பு. என் பெயரைச் சொன்னால் ஒலி முகம்மது முன்வரிசையில் உட்காரவைப்பார். வாருங்கள், குளியுங்கள், கும்மாளம் போடுங்கள், பேரம் பேசுங்கள். கம்பளிக்கு வைத்த பணத்தில் கருவாடு வாங்குங்கள். திரும்பிப் போய்ப் பினாங்கில் நாலு பேரிடம் அந்த நண்டைப் பற்றிப் பேசுங்கள். இதுதான் முறை.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் சரஸ்வதிக்கும் எங்கள் ஆசி. பேரப்பிள்ளைகளின் உச்சியில் என் சார்பாக ஒரு தடவை தடவிக்கொடுங்கள். வருகிற தீபாவளியில் தங்கள் வீட்டு எண்ணெய்ச்சட்டி ஓயாமலும், தங்கள் விருந்தாளிகள் பசி குறையாமலும் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
க. தில்லைநாயகம்

பின்குறிப்பு. 14 அக்டோபர், ஞாயிறு. மேலே நாற்பது இடத்துக்கு நான் பொறுப்பு என்று எழுதியதை அடித்துவிடவும். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட எடுத்துக்கொண்டு, அப்படியே தீவுக்கும் போகலாம் என்று இன்று காலை படித்துறைக்குப் போனேன். ஒரு நாளில் இரண்டு நடை போயும் பொங்கல் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் இல்லையாம். என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "வாத்தியாருக்கு இல்லாததா? அடுத்த வருசம் வாங்க" என்றார் ஒலி முகம்மது, சிவப்பு டையைச் சரிசெய்துகொண்டே. என்னைக் கரையில் விட்டுவிட்டுப் படகு போய்விட்டது. அதில் பூவம்மாவும் போய்விட்டாள். அவள் இரண்டு வாரத்துக்கு முன்பே ஹலீமாவிடம் சொல்லி இடம் பிடித்து வைத்திருக்கிறாள். வீட்டில் ஒன்றும் சமைத்து வைக்கவில்லை. பசியோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன், ஆனாலும் மனசு நிறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், புதன்கிழமை வாருங்கள்; அன்றைக்குத்தான் ஹலீமாவின் கடையில் ஆள் குறைவாம். வருகிற அன்று காலையில் வீட்டில் ஒன்றும் சாப்பிடாதீர்கள்.